வெள்ளைக்குக் கூலி இல்லை

ரீகா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, பிப்ரவரி.
டௌகவா உறைந்து கிடந்தது.
பனிமேல் வண்டிகள் போகும் சத்தம்
எங்கள் நிலவறை அச்சகம்வரை வரும்.

எனக்குக் கூலி எழுத்துக் கணக்கில்.
பிரசங்கப் புத்தகம் வந்தால் நல்ல வாரம்:
பக்கம் முழுக்கக் கறுப்பு,
பையனுக்குப் பூட்ஸ்.

அவள் கொண்டுவந்தது
கணக்கு நோட்டில் முப்பத்தொரு கவிதை.
ஹெர்மீனே ஸ்விர்புலே,
டெலிபோன் இணைப்பகத்தில் இரவு வேலை.
வரிக்கு மூன்று சொல், சிலவற்றில் ஒன்று,
அப்புறம் பாதிப் பக்கத்துக்கு எதுவுமில்லை.
"முடிந்துவிட்டதா?" என்றேன்.
"இல்லை, நிற்கிறது" என்றாள்.

லிண்டன் மரம் இல்லை.
சூரியனின் மகள் யாரும் கல்யாணத்துக்குப் புறப்படவில்லை.
எதுகை தேடித் தேடி
முதல் நாள் எனக்குக் கழுத்து வலித்தது.
ரப்பர் ஆலையின் கந்தக வாடை இருந்தது.
கடைசி டிராமில் தூங்கும் ஒருத்தி,
அவள் மடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
ஒயரின் இரு முனையிலும் இரண்டு பேர்
பேச ஒன்றும் இல்லாமல் மூச்சுவிட,
நடுவில் கேட்டுக்கொண்டிருப்பவள்
இணைப்பைத் துண்டிக்கலாமா என்று யோசிக்கிறாள்.
கடவுள் ஒரே ஒரு முறை வருகிறார்,
அதுவும் தவறான எண்ணாக.

"வெள்ளைக்குக் கூலி இல்லை, இந்த்ரிக்கிஸ்" என்றார்
முதலாளி லூட்கென்ஸ்.
எதிர்த்தெரு அச்சகத்தில் தருவார்கள். இவர் தரமாட்டார்.

வாங்கிப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியாது:
வெற்றிடமும் ஈயம்தான்.
எழுத்தைவிடச் சற்றே குள்ளமான கட்டைகள்,
அதனால் மை தொடுவதில்லை, அவ்வளவே.
அவளுடைய ஒரு பக்கத்தைத் தூக்கினால்
பிரசங்கத்தின் பக்கத்துக்குச் சரியாகக் கனக்கும்.
அவள் பேசாமல் விட்டதையெல்லாம்
ஒவ்வொன்றாய் நான்தான் எடுத்து அடுக்கினேன்,
காசில்லாமல்.

புரூஃபில் நான் போட்ட முற்றுப்புள்ளிகளை
பேன் எடுப்பதுபோல் எடுத்தாள்.
பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது,
என் தவறு, பசி நேரம்.
அவள் பென்சில் அங்கே நின்றது.
நோட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.
"இருக்கட்டும்" என்றாள்,
"அது எல்லோருக்கும் பிடிக்கட்டுமென்று எழுதிய வரி."

இருநூறு பிரதி. விற்றது பத்தொன்பது.
ஒரு பத்திரிகை
தந்தி அடிக்கக் காசில்லாதவரின் தந்தி என்று எழுதியது.
அதை அவளே வெட்டி
இணைப்பகத்தில் தன் பலகைக்கு மேல் ஒட்டினாளாம்.

பக்கங்களைக் கலைத்தேன்.
எழுத்துகள் அறைகளுக்குத் திரும்பின.
அவளுடைய டிராமிலிருந்த அதே எழுத்துகள்
மே மாதம் படகு நேர அட்டவணையில் நின்றன,
மறு ஆகஸ்டில்
படைக்கு அழைக்கும் தாளில்.
அந்தத் தாள்களில் வெள்ளையே இல்லை.
நல்ல கூலி.

அடுத்த கோடையில் ஆலைகளைக் கழற்றி
ரயிலில் கிழக்கே அனுப்பினார்கள்.
எங்கள் இயந்திரமும் போனது, ஈயமும் போனது.
இணைப்பகத்துப் பெண்கள் எந்த ரயிலில் போனார்கள் என்று
கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

விற்காத பிரதிகளில் ஒரு கட்டு என்னிடம் வந்தது.
குளிருக்குப் பையனின் பூட்ஸில் திணித்தோம்.
வெள்ளை அதிகமுள்ள தாள்
ஈரம் நன்றாக உறிஞ்சுகிறது.
பதினேழாம் பக்கத்தை மட்டும் தரவில்லை.

விடுபட்ட வரி எனக்கு மனப்பாடம்.
நல்ல வரிதான்.
சில இரவுகளில் சொல்லிப் பார்க்கிறேன்,
ஒவ்வொரு முறையும்
அவள் சொன்னதே சரி என்று படுகிறது,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக.